வாய் கேமராவுக்கு, மூக்கு மூச்சுக்கு

கல்லூரியில் எனக்கு மூன்று வகுப்பு பின்னால் படித்த தம்பி ஒருவர் சொந்த ஊரில் எண்டோஸ்கோபி மையம் திறக்கிறார். திறப்பு நாள்கூடக் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்துப் பக்கத்துச் சாமான் பட்டியல் மட்டும் முடியவில்லை. போன வாரம் அழைத்தார். "அண்ணா, கையில் இருக்கிற பணத்துக்குப் பெரிய சாமான் ஒன்றுதான் வாங்க முடியும். ஹை ஃப்ளோ வாங்கிவிடலாமா? அது இருந்தால் யாருக்கும் ஆக்சிஜன் இறங்கவே இறங்காது என்று கம்பெனிக்காரர் சொல்கிறார்."

ஹை ஃப்ளோ என்றால் மூக்கு வழியாக ஆக்சிஜனை மிக வேகமாகப் பாய்ச்சும் கருவி. கம்பெனிக்காரர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை. மீதியைப் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்தப் பேச்சைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பலர் விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

நான் மயக்கவியல் மருத்துவர். அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாடு எங்களுக்கு உரிய இடம். எண்டோஸ்கோபி அறையில் மட்டும் அதை எண்டோஸ்கோபி செய்பவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. வாய்க்குள் அவருடைய கேமராக் குழாய் போகிறது, நோயாளி இடப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார், விளக்கை வேறு குறைத்துவிடுகிறார்கள். மூச்சு போகும் பாதையில்தான் கேமராவும் போகிறது. எந்தக் கருவி நல்லது என்ற கேள்வி இந்த இட நெருக்கடியில்தான் பிறக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வயிற்றை வெறுமனே பார்ப்பதற்குச் செய்யும் எண்டோஸ்கோபியில் பெரும்பகுதிக்கு நம் ஊரில் மயக்க மருந்தே கொடுப்பதில்லை. தொண்டை மரத்துப்போக லிக்னோகெய்ன் ஸ்பிரே, சில நிமிட ஓங்கரிப்பு, வேலை முடிந்தது. அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. மிடசோலம், ஃபென்டனில், புரோபஃபால் என்று மருந்து ஏறத் தொடங்கும்போதுதான் ஆக்சிஜன் பற்றிய கவலையும் தொடங்குகிறது.

என்ன நடக்கிறது? மருந்து ஏறியதும் இரண்டு காரியங்கள் கெடுகின்றன. மூளை மூச்சுக்கு இடும் கட்டளை தளர்கிறது. தொண்டைத் தசைகள் தொய்ந்து நாக்கும் மெல்லண்ணமும் பின்னால் விழுந்து வழியை அடைக்கின்றன. குறட்டை விடுபவர்களுக்கு இரண்டாவது சங்கடம் முதல் நிமிடத்திலேயே வரும். இந்த நேரத்தில் உடம்பு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்றை வைத்துத்தான் ஓட்டுகிறது. படுத்திருக்கும் ஒருவருக்கு மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டு லிட்டர் காற்று நிற்கும். உடம்புக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். சாதாரணக் காற்றை மூச்சிழுத்துக்கொண்டிருந்தவர் மூச்சை நிறுத்தினால் அந்தக் கையிருப்பு ஒரு நிமிடம், மிஞ்சினால் சற்றே அதிகம் தாங்கும். முன்கூட்டியே மூன்று நான்கு நிமிடம் சுத்த ஆக்சிஜன் கொடுத்து அந்த இரண்டு லிட்டரையும் நிரப்பி வைத்திருந்தால், ஆரோக்கியமானவருக்கு எட்டு நிமிடம் வரை தாங்கும். மிகப் பருமனான உடலுக்கு அதுவே மூன்று நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் அவருடைய கையிருப்புப் பெட்டி சிறியது, செலவோ அதிகம்.

அதனால் எந்தக் கருவியை மதிப்பிட்டாலும் மூன்று கேள்விகள் கேட்கிறேன். மருந்து ஏறும் முன் கையிருப்பை எவ்வளவு நிரப்பும்? வழி அடைபடும்போது திறக்க உதவுமா? மூச்சு நின்றால் எனக்கு எப்போது தெரியும்? விற்பனைக் கையேடுகள் முதல் கேள்வியோடு நின்றுவிடும்.

இரு முனைக் குழாய்

நேசல் ப்ராங்ஸ் என்று எல்லோரும் சொல்லும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான் பெரும்பாலான அறைகளில் இருக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 4 லிட்டர், அதிகம் போனால் 6. ஒவ்வொரு லிட்டருக்கும் மூச்சுக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 4 விழுக்காடு கூடும் என்பது நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லும் தோராயக் கணக்கு. அதாவது 2 லிட்டரில் 28, 6 லிட்டரில் 44. அமைதியாக மூச்சிழுக்கும்போதுகூட ஒரு மனிதன் உள்ளிழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 30 லிட்டர் கணக்கில் இருக்கும். குழாயில் வரும் 2 லிட்டரோடு மீதியை அறைக் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறார். அளவு கூடாமல் இருப்பதன் காரணம் இதுதான்.

எண்டோஸ்கோப்பைக் கடித்துவிடாமல் இருக்க வாயில் வைக்கும் கடிகட்டை இருப்பதால் மூக்கில் கொடுக்கும் ஆக்சிஜன் வீண் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூக்குக்குப் பின்னால் உள்ள அறை ஒரு சின்னத் தொட்டிபோல நிரம்பி, அடுத்த மூச்சு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். மூக்கடைப்பு, வளைந்த மூக்குத் தண்டு, சளி இருந்தால்தான் நஷ்டம்.

விலை அற்பம், தண்ணீர் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், நோயாளிக்குப் பயம் இல்லை. குறைந்த நேர வேலை, ஒல்லியான உடம்பு, லேசான மயக்கம் என்றால் இதற்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. ஆனால் வழி அடைபட்டால் இது ஒன்றும் செய்யாது. அடைத்த வாய்க்காலில் மடையை எவ்வளவு திறந்தாலும் வயலுக்குத் தண்ணீர் வராது. அப்போது வேலை செய்வது யாரோ ஒருவருடைய இரண்டு கைகள், தாடைக் கோணத்தைப் பிடித்து முன்னுக்குத் தூக்கும் கைகள்.

இந்தக் குழாயிலேயே இன்னொரு வகை இருக்கிறது. ஒரு பக்கம் ஆக்சிஜன் கொடுக்கும். மறுபக்கம் விடும் மூச்சை உறிஞ்சி கார்பன் டை ஆக்சைடு அளவிக்கு அனுப்பும். வாய்க்கு முன்னால் ஒரு சிறு நாக்கு நீட்டிய வகையும் உண்டு, வாயால் விடும் மூச்சும் அதில் பிடிபடும். சாதாரணக் குழாயை விட விலை கூடுதல்தான். என்னைக் கேட்டால் அந்தக் கூடுதல் பணத்துக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. காரணம் பிறகு வருகிறது.

முகமூடிகள்

பெருங்குடல் பரிசோதனைக்கு வாய் காலியாக இருக்கிறது. சாதாரண முகமூடியில் 5 முதல் 10 லிட்டர் ஓட்டினால் 40 முதல் 60 விழுக்காடு வரை கிடைக்கும். ஆராய்ச்சி ஒன்றும் தேவையில்லை. போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

வாய் வழியாகக் குழாய் போகும்போது அதே முகமூடி இடைஞ்சல். அதற்கென்றே நடுவில் சிலிக்கோன் சவ்வு வைத்து, அதில் கீறல் விட்ட முகமூடிகள் கிடைக்கின்றன. கீறல் வழியாக எண்டோஸ்கோப் போகும், சுற்றி ஆக்சிஜன் தங்கும். மூக்குக் குழாயை விட அதிக விழுக்காடு, மருந்துக்கு முன் கையிருப்பை நிரப்ப நல்லது. பிரச்சினை, முகத்தை மூடியிருப்பதால் எச்சிலும் வாந்தியும் சற்றுத் தாமதமாகவே கண்ணில் படும். வயிறு நிறைய இரத்தத்தோடு வருபவருக்கு நான் இதைத் தொடமாட்டேன். கடிகட்டையிலேயே ஆக்சிஜன் துளை வைத்த வகையும் உண்டு. மூக்கடைத்தவர்களுக்கு உதவும், மற்றபடி மூக்குக் குழாயின் தம்பி.

மூக்கை மட்டும் இறுக்கமாக மூடி, மயக்க மருந்து இயந்திரத்தின் சர்க்யூட்டோடு இணையும் சிறிய முகமூடி மேல்நாடுகளில் புழங்குகிறது. மூக்கு வழியாக அழுத்தம் கொடுத்து அடைப்பைத் திறக்கும். யோசனை அருமையானது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் சாமானாக வருவதால் நம் கட்டணத்தில் அது தாங்குமா என்பதுதான் கேள்வி. அதே வேலையைச் செய்யும் நம் ஊர் வழி ஒன்று இருக்கிறது.

மூக்குக் குழலும் பெயின் சர்க்யூட்டும்

நேசல் ஏர்வே, மூக்கு வழியாக நாக்கின் பின்பக்கம் வரை போகும் மென்மையான குழல். அதன் வெளிமுனையில் அளவு பொருந்தும் மூச்சுக்குழாய் டியூபின் இணைப்பியைச் செருகினால், அது அப்படியே பெயின் சர்க்யூட்டில், அதாவது பையோடு கூடிய மயக்கவியல் மூச்சுக் குழாய் அமைப்பில், மாட்டிக்கொள்ளும். மறு மூக்குத் துளையை விரலால் அடைத்தால் கொஞ்சம் அழுத்தமும் சேரும். பையின் அசைவில் மூச்சு தெரியும். கார்பன் டை ஆக்சைடு அளவிடும் குழாயையும் அங்கேயே இணைக்கலாம்.

என்னுடைய மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லும் மலிவான ஏற்பாடு இதுதான். நாக்கு விழுந்த இடத்தைத் தாண்டிப் போவதால் வழி திறக்கிறது. ஆக்சிஜன் குரல்வளைக்கு அருகிலேயே போய்ச் சேருகிறது. பை அசையாவிட்டால் அடுத்த கணமே கண்ணில் படுகிறது. இதற்கென்று யாரும் விளம்பரப் படம் எடுப்பதில்லை. மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொள்வது.

ஒரு ஆபத்து உண்டு, அது நம் நோயாளிகளுக்கு நேரடியாகப் பொருந்துவது. கல்லீரல் சுருங்கிப்போய், உணவுக்குழாய் இரத்த நாளங்களுக்கு வளையம் மாட்ட வருபவர்களுக்குத் தட்டணுக்கள் குறைவு, உறைதலும் சரியில்லை. அவர்கள் மூக்கில் குழலைத் தள்ளினால் மூக்கிலிருந்து இரத்தம் வழிந்து தொண்டைக்குள் இறங்கும். உள்ளே இருக்கும் சிக்கலோடு இதுவும் சேரும். இதயத்துக்காக இரத்த அடர்த்தி குறைக்கும் மருந்து எடுப்பவர்களும் இப்படியே. ஜெல் தடவி, பெரிய துளையைத் தேர்ந்து, எதிர்ப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

ஹை ஃப்ளோ

இப்போது கம்பெனிக்காரரின் சாமானுக்கு வருவோம். 2021 கோடையில் கோவிட் இரண்டாம் அலையின்போது இந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவிற்று. 37 டிகிரிக்குச் சூடாக்கி ஈரம் ஏற்றிய காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, நிமிடத்துக்கு 60, சில கருவிகளில் 70 லிட்டர் வரை மூக்கில் பாய்ச்சும் கருவி. வறட்சி இல்லாததால்தான் இவ்வளவு வேகத்தை மூக்கு பொறுத்துக்கொள்கிறது.

வேகம் ஏன் வேண்டும் என்பது மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. நோயாளி இழுக்கும் வேகத்தை விட நாம் கொடுக்கும் வேகம் அதிகமானால், அறைக் காற்று கலக்க இடம் இருக்காது. நாம் வைத்த விழுக்காடு அப்படியே உள்ளே போகும். இரண்டாவது, மூக்கிலும் தொண்டையிலும் தேங்கும் பழைய மூச்சை அது கழுவித் தள்ளிவிடுகிறது. மூன்றாவதாகக் கொஞ்சம் அழுத்தம். வாய் மூடியிருந்தால் பத்து லிட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் நீரழுத்தம் அளவில் வரும். கடிகட்டை வைத்துத் திறந்த வாயில் அதில் பெரும்பகுதி வெளியே போய்விடும். அழுத்தத்தைக் காட்டி விற்பவரிடம் இதைக் கேளுங்கள்.

ஆய்வுகள் இதற்குச் சாதகமாகவே இருக்கின்றன. அதை மறைக்க விரும்பவில்லை. 2019இல் வெளியான சீன ஆய்வு ஒன்றில் 1994 பேருக்குப் புரோபஃபால் கொடுத்து இரைப்பை எண்டோஸ்கோபி செய்தார்கள். சாதாரணக் குழாய் போட்டவர்களில் 8.4 விழுக்காட்டினருக்கு ஆக்சிஜன் இறங்கியது. ஹை ஃப்ளோ போட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. பிரமாதம்தான். ஆனால் எதிர்ப்பக்கம் நிறுத்தியது வெறும் 2 லிட்டர். பயில்வானுக்கு நோஞ்சானை ஜோடி சேர்த்த குஸ்தி.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது 2021இல் வந்த பிரெஞ்சு ஆய்வு. மூச்சுச் சிக்கல் வர வாய்ப்புள்ள 379 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 92 விழுக்காட்டுக்கோ அதற்குக் கீழோ இறங்கியவர்கள் வழக்கமான முறையில் 33.5 விழுக்காடு, ஹை ஃப்ளோவில் 9.4. 2025இல் பருமனானவர்களை மட்டும் வைத்து ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் செய்த சீன ஆய்வில் 21.2 விழுக்காடு 2 ஆகக் குறைந்தது. இந்த அளவுக்கு வித்தியாசம் இருக்கும்போது கருவி பயனற்றது என்று யாரும் சொல்ல முடியாது.

இதோடு இன்னொரு சிறிய ஆய்வையும் சேர்த்து வாசிக்க வேண்டும். 2019இல், மிகப் பருமனான சுமார் அறுபது பேருக்குப் பெருங்குடல் பரிசோதனை. ஒரு பக்கம் 60 லிட்டர் ஹை ஃப்ளோ, மறுபக்கம் 4 லிட்டர் சாதாரணக் குழாய். ஹை ஃப்ளோவின் ஆக்சிஜன் விழுக்காட்டை 36 முதல் 40க்குள் மட்டுமே வைத்தார்கள். இரு குழுவிலும் ஆக்சிஜன் இறங்கியதில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அறுபது பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வர முடியாது. ஆனாலும் என் சந்தேகத்தை அது வலுப்படுத்துகிறது: வேகத்தை மட்டும் கூட்டி விழுக்காட்டைக் கூட்டாவிட்டால் கருவியின் பலன் பாதி போய்விடும்.

சின்ன ஊர் மையங்களில் நடக்கப்போவதும் இதுவே. சுவரிலோ சிலிண்டரிலோ மாட்டி ஆக்சிஜன் ஓட்டத்தை அளந்துவிடும் சாதாரண ஃப்ளோமீட்டர் 15 லிட்டர் வரைதான் கொடுக்கும். அறைக் காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும் வகைக் கருவியில் அதை மாட்டி 60 லிட்டர் ஓட்டினால், மீதி 45 லிட்டர் அறைக் காற்று. கணக்குப் போட்டால் நோயாளிக்குப் போவது 41 விழுக்காடு. அதே 15 லிட்டரை வைத்து வேகத்தை 30க்குக் குறைத்தால் 60 விழுக்காடு ஆகும்! திரையில் பெரிய எண் ஓடுவதைப் பார்த்து மகிழ்பவர்களுக்கு இது புரிய நேரமாகும். நூறு விழுக்காட்டில் 60 லிட்டர் வேண்டுமானால் அதற்கென்றே பெரிய ஃப்ளோமீட்டரும், அதைத் தாங்கும் குழாய் வழி ஆக்சிஜனும் வேண்டும்.

சிலிண்டரில் ஓட்டினால் என்ன ஆகும்? நாம் பி டைப் என்று சொல்லும் சிலிண்டரில் 1.5 கன மீட்டர், அதாவது 1500 லிட்டர். டி டைப்பில் 7000 லிட்டர். மூக்குக் குழாயில் 2 லிட்டர் ஓட்டினால் பி டைப் பன்னிரண்டரை மணி நேரம் வரும். ஹை ஃப்ளோவை 60 லிட்டரில் முழு ஆக்சிஜனாக ஓட்டினால் அதே சிலிண்டர் 25 நிமிடம். டி டைப் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விழுக்காட்டை 50 ஆக வைத்தால் செலவு நிமிடத்துக்கு 22 லிட்டராகக் குறையும், டி டைப் ஐந்து மணி நேரம் தாங்கும். வீட்டுக்கு வாங்கும் 5 லிட்டர், 10 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை வைத்து இதை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இன்னும் சில சின்னச் சங்கடங்கள். தண்ணீர் சூடாகச் சில நிமிடம் பிடிக்கும், ஒவ்வொருவருக்கும் குழாய் மாற்ற வேண்டும், அந்தக் குழாய் மலிவில்லை. மின்சாரம் போனால் பல கருவிகள் அப்படியே நிற்கும். ஆர்கான் வாயு கொண்டு திசுவைக் கருக்கும் வேலையைச் சுவாசக்குழாயில் செய்யும்போது ஆக்சிஜனை 40 விழுக்காட்டுக்குக் கீழே வைக்க வேண்டும் என்பது தீப்பிடிக்கும் பயத்தால் வந்த விதி. நுரையீரல் பிராங்கோஸ்கோபியையும் அதே அறையில் செய்யப்போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட என்னை யோசிக்க வைப்பது வேறு. ஹை ஃப்ளோவின் வெள்ளம் விடும் மூச்சை அடித்துப்போய்விடுவதால், மூக்கருகே கார்பன் டை ஆக்சைடை நம்பகமாக அளக்க முடியாது. மூன்றாவது கேள்விக்கான பதிலை அது பறித்துக்கொள்கிறது.

திரையில் வரும் எண்ணை நம்பலாமா

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் அடிப்படையை 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் கண்டறிந்தவர் தகுவோ அயோயாகி. அவருக்கு எங்கள் தொழில் பட்டிருக்கும் கடன் தீராது. ஆனாலும் அந்தக் கருவி தாமதமாகத்தான் பேசும். மூச்சு நின்ற பிறகு நுரையீரல் கையிருப்பு தீர வேண்டும், இரத்தம் விரலுக்கு வர வேண்டும், கருவி சில துடிப்புகளின் சராசரி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எண் இறங்கும். 90க்குக் கீழே போனால் சரிவு செங்குத்து.

ஆக்சிஜனை அதிகம் கொடுக்கக் கொடுக்க இந்தத் தாமதம் நீளும். நிறைந்த கையிருப்போடு ஒருவர் மூச்சே விடாமல் படுத்திருக்க, திரை 99 என்று காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போகும். லண்டன் மருத்துவர்கள் 2015இல், ஹை ஃப்ளோ கொடுத்துக்கொண்டே மூச்சு நின்ற 25 பேரை அளந்தார்கள். கார்பன் டை ஆக்சைடு நிமிடத்துக்குச் சுமார் 1.1 மில்லிமீட்டர் பாதரசம் ஏறியது. பழைய முறையில் ஏறும் வேகத்தில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆறுதலான செய்திதான். என்றாலும் திறந்த வழி இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும், நாக்கு விழுந்து அடைத்துவிட்டால் செல்லாது.

தோல் நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வொன்று, ஆக்சிமீட்டர் நல்ல எண் காட்டும்போதே இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருப்பது வெள்ளையரை விடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று காட்டியது. நம் நோயாளிகளில் பலருடைய நிறத்தை நினைத்துப் பார்த்தால் 92ஐ நான் ஏன் 92 என்று எடுத்துக்கொள்வதில்லை என்பது விளங்கும். (கல்யாண வீட்டிலிருந்து நேரே வருபவர்களின் விரலில் கறுப்பு மருதாணி இருந்தால் எண்ணே சரியாக வராமல் போகலாம், காது மடலுக்கு மாற்றிவிடுங்கள்.)

கேப்னோகிராஃப் என்னும் அளவி ஒவ்வொரு மூச்சையும் ஒரு மேடாக வரைகிறது. மேடு வராவிட்டால் மூச்சு வரவில்லை. சில விநாடிகளில் தெரிந்துவிடும். 2009இல் பித்தக்குழாய் எண்டோஸ்கோபி, உள்நோக்கு அல்ட்ராசவுண்ட் செய்துகொண்ட 247 பேரின் ஆய்வில், அளவியைப் பார்த்துச் செயல்பட்ட குழுவில் 46 விழுக்காட்டினருக்கும், பார்க்காத குழுவில் 69 விழுக்காட்டினருக்கும் ஆக்சிஜன் இறங்கியது. அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2011 முதலே மிதமான மயக்கத்துக்கும் இதைத் தரநிலையில் சேர்த்துவிட்டது. இத்தனைக்கும் இந்தக் கருவி ஒரு சொட்டு ஆக்சிஜன்கூடக் கொடுப்பதில்லை.

குழாய் போட்டுவிடுவது

சில நோயாளிகளுக்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். இரத்த வாந்தி எடுத்து வருபவர், இரைப்பை வாய் அடைத்து உணவு தேங்கியவர், உணவுக்குழாய் விரிந்து பழைய சோறு உள்ளே நிற்பவர். இவர்களுக்கு நுரையீரலுக்குள் போகப்போவது ஆக்சிஜனா வாந்தியா என்பதே கேள்வி. முழு மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டுப் பலூனை ஊதிவிடுவதுதான் வழி. நேரமாகிறது என்று எண்டோஸ்கோபி செய்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

இடைப்பட்ட ஒன்றும் வந்திருக்கிறது: எண்டோஸ்கோப் போக ஒரு தனி வழியும் மூச்சுக்கு ஒரு தனி வழியும் வைத்த எல்.எம்.ஏ. கேஸ்ட்ரோ. தொண்டையில் பொருத்தி மூச்சுக்கான வழியைப் பிடித்துவைக்கும். வெறும் வயிற்றோடு வரும் பருமனானவர்களுக்கு, நீண்ட வேலைக்கு எனக்குப் பிடித்த சாமான். ஆனால் அதைப் போடவும் கழற்றவும் கைப்பழக்கம் உள்ள மயக்கவியல் மருத்துவர் அறையில் இருக்க வேண்டும், எண்டோஸ்கோப்பும் அதன் துளைக்குள் நுழையும் தடிமனில் இருக்க வேண்டும். விலை சாதாரணக் குழாயோடு ஒப்பிடவே முடியாதது.

தம்பியின் பட்டியல்

அவருடைய மையத்தில் முதல் வருடம் நடக்கப்போவது இரைப்பை, பெருங்குடல் பரிசோதனைகள், பாலிப் என்னும் சதை வளர்ச்சியை எடுப்பது, வளையம் மாட்டுவது. பித்தக்குழாய் வேலைக்கு எக்ஸ்ரே அறை இன்னும் தயாராகவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரில்தான். வாரத்தில் மூன்று நாள் மயக்கவியல் மருத்துவர் வருவார். மற்ற நாள்களில் மிடசோலம் மட்டும், அதுவும் பேசினால் பதில் சொல்லும் அளவுக்கு.

இந்த நிலைமையில் ஒரே பெரிய சாமான் என்றால் அது கேப்னோகிராஃப் உள்ள மானிட்டர். கூடவே அளவெடுக்கும் வகை மூக்குக் குழாய்கள், 6 முதல் 7 அளவுள்ள மூக்குக் குழல்கள், பெயின் சர்க்யூட் இரண்டு, கையில் அழுத்தும் ஆம்பு பை, எச்சிலை உறிஞ்ச எப்போதும் ஓடும் நிலையில் இருக்கும் சக்‌ஷன். மருந்து ஏறும் முன் மூன்று நிமிடம் முகமூடியில் ஆக்சிஜன் என்ற பழக்கம். இதற்கு ஒரு பைசா செலவில்லை, ஆனால் காலையில் பன்னிரண்டு பேர் காத்திருக்கும்போது முதலில் வெட்டப்படுவது இதுதான். கேஸ் ஷீட்டில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: சத்தமாகக் குறட்டை விடுவாரா, கழுத்துச் சுற்றளவு எவ்வளவு. மனைவியையோ கணவரையோ கேட்டால் போதும். நோயாளி தான் குறட்டை விடுவதாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை.

எக்ஸ்ரே அறை தயாராகி, குப்புறப் படுக்கவைத்து ஒரு மணி நேரம் நீளும் பித்தக்குழாய் வேலைகள் தொடங்கி, குழாய் வழி ஆக்சிஜனும் வந்துவிட்டால் அன்று ஹை ஃப்ளோவை வாங்கலாம். அந்த நோயாளிகளிடம்தான் அது தன் விலையைச் சம்பாதிக்கும். பெரிய மருத்துவமனையில் இருந்துகொண்டு, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 35க்கு மேல் உள்ளவர்களைத் தினமும் பார்ப்பவராக இருந்தால் நான் இதையே தலைகீழாகச் சொல்லியிருப்பேன்: கேப்னோகிராஃப் ஏற்கெனவே இருக்கும், ஹை ஃப்ளோவை உடனே வாங்குங்கள் என்று.

"அப்போது கம்பெனிக்காரரிடம் என்ன சொல்வது?" என்று கேட்டார் தம்பி. அவர் வியாழக்கிழமை டெமோவுக்கு மறுபடி வருகிறாராம். வரட்டும், உங்களிடம் இருக்கும் 15 லிட்டர் ஃப்ளோமீட்டரிலேயே மாட்டி 60 லிட்டர் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், திரையில் ஆக்சிஜன் விழுக்காடு எங்கே நிற்கிறது என்று எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன்.